எந்த லினக்ஸ் நம் வீட்டுக்கு ஏற்றது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்று முதல் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கவலை புகுந்திருக்கிறது. வீட்டிலுள்ள கணிப்பொறி நேற்றுவரை ஓடியது போலவே இன்றும் ஓடுகிறது. திரை மங்கவில்லை, பொத்தான் எதுவும் பழுதுபடவில்லை. ஆயினும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினால், "இது இனி உதவாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். அவர் கூறுவதில் பாதி உண்மை இருக்கிறது. 2017-இன் பிற்பகுதிக்கு முன் வெளிவந்த இன்டெல் செயலிகளில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டுமென்று அது கேட்கிறது. ஆகவே, உடல் திடத்தோடு இருக்கும்போதே ஓய்வு கொடுக்கப்பட்ட உத்தியோகஸ்தரைப் போல, அந்தப் பெட்டிகள் மூலையில் ஒதுக்கப்படுகின்றன.

ஒதுக்காமல் அப்படியே உபயோகித்து வந்தால் என்ன என்று கேட்பவரும் உளர். வாயிற்கதவின் பூட்டு கெட்டுவிட்டது என்று ஊரெல்லாம் அறிந்த பின்னும் அதை மாற்றாமல் உறங்கப் போவதற்கு ஒப்பானது அது. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க ஆளில்லாத கணிப்பொறியில்தான் நாம் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம், மகனுடைய கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துகிறோம், ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறோம். தனிநபர்களுக்கென 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது உண்மையே. அது தவணை வாங்கியதாகுமே யன்றிக் கடன் தீர்த்ததாகாது.

வெளியூரில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிச்சம் பிடிக்கும் குடும்பத்துக்குப் புதுக் கணிப்பொறி எளிதான செலவன்று. இந்த நிலையில், திறந்த மூல இயங்குதளங்களின் பக்கம் பலருடைய பார்வை திரும்பியிருக்கிறது. விலை கிடையாது, உரிமத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை, சில நூறு ரூபாய்க்குத் திருட்டுப் பிரதி போட்டுத் தருபவரை நாட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் திரும்பியவுடன் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான பெயர்கள் எதிரே வந்து நிற்கின்றன. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் பலர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வழி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இத்தனை பெயர்கள் ஏன் என்பதைத் தெரிந்துகொள்வோம். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் உபயோகிக்கவும், படித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தைப் படைக்கப் போவதாக அறிவித்து, குனு என்று அதற்குப் பெயரிட்டார். பல உறுப்புகள் அமைந்தன. ஆனால் வன்பொருளோடு நேரே பேசும் கருவென்னும் நடுப்பகுதி மட்டும் கைகூடாமல் நின்றது. 1991 ஆகஸ்டில் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், பொழுதுபோக்காகத் தாம் ஒரு கருவை எழுதி வருவதாக உலகுக்குத் தெரிவித்தார். அதுவே லினக்ஸ். இவ்விரண்டும் சேர்ந்த பிறகு, அவரவர் தம் தேவைக்கேற்ப வேறு உறுப்புகளையும் கூட்டிக் கட்டித் தரத் தொடங்கினர். அக்கட்டுக்கு வழங்கல் என்று பெயர். ஒரே நெல்லைத்தான் ஒரு வீட்டில் பச்சரிசியாக்குகிறார்கள். மற்றொரு வீட்டில் அவித்துப் புழுங்கலரிசியாக்குகிறார்கள். உண்பவருக்குப் பழக்கமும் வயிறும் வேறு வேறாக இருப்பதால் இரண்டுக்கும் இடம் உண்டு. வழங்கல்களின் சங்கதியும் அத்தகையதே.

அன்றியும் இவற்றுள் உறவுமுறை இருக்கிறது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், இந்தக் குடும்பத்தின் பாட்டி. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் வெளியிட்ட உபுண்டு, டெபியனின் மகள். 2006-இல் தோன்றிய லினக்ஸ் மின்ட், உபுண்டுவின் மகள். ஆகவே டெபியனுக்குப் பேத்தி. இந்த உறவை அறிந்தால் ஒரு பெரும் பயம் நீங்கும். இம்மூன்றில் எதைத் தேர்ந்தாலும், ஒன்றில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி மற்றதிலும் பயன்படும். தவறான பெயரைத் தேர்ந்துவிட்டோமே என்று வருந்த வேண்டிய நிலை அநேகமாக வராது.

நம்மவர் தேர்ந்தெடுக்கும் முறையைக் கவனித்தால் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே தேர்கிறார்கள். திரையின் அழகு மூன்றாம் நாளே பழகிப்போகும். பார்க்க வேண்டியது வேறு. வீட்டுப் பெட்டியின் வலு எவ்வளவு, எத்தனை ஆண்டுக் காலம் அந்த வழங்கலுக்குப் பராமரிப்பு உண்டு, இரவு எட்டு மணிக்கு ஏதேனும் தகராறு வந்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்பவையே உண்மையான கேள்விகள். இவற்றோடு நம் போன்றோர் மறவாமல் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, அதில் தமிழ் எழுத எவ்வளவு எளிது என்பது. அதைச் சற்றுப் பின்னர் விரிவாகச் சொல்வோம்.

வலுவைப் பற்றிச் சொன்னால், 4 ஜி.பி. நினைவகம் உள்ள பெட்டி போதுமானது. 8 இருந்தால் கவலையே இல்லை. இங்கு ஒரு மயக்கத்தைப் போக்க வேண்டும். லினக்ஸ் சிக்கனமானது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது மெய்யே. ஆனால் இன்று நினைவகத்தை விழுங்குவது இயங்குதளமன்று, உலாவி. பத்துப் பக்கங்களை ஒரே சமயத்தில் திறந்து வைத்தால் எந்த லினக்ஸும் 4 ஜி.பி. பெட்டியில் திணறத்தான் செய்யும். அத்தகைய பெட்டிகளுக்கு நாம் கூறும் முதல் யோசனை, வழங்கலை மாற்றுவதற்கு முன் சுழலும் பழைய வன்வட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள் என்பதே. மும்பையில் லாமிங்டன் சாலையிலும், தில்லியில் நேரு பிளேஸிலும், பெங்களூரில் எஸ்.பி. சாலையிலும் சிறிய அளவு எஸ்.எஸ்.டி. மலிவாகவே கிடைக்கிறது. எந்த வழங்கலும் தராத வேகத்தை அது தரும்.

மிகப் பழைய 32-பிட் பெட்டி வைத்திருப்போருக்கு நல்ல செய்தி சொல்வதற்கில்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அத்தகைய பெட்டிகளில் நிறுவும் வசதியை விட்டுவிட்டது. அதற்கு முந்திய டெபியன் 12-க்கு நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை உண்டு. ஆனால் குரோம் உலாவி 2016-லேயே 32-பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 2025-இல் அவ்வழி சென்றது. அப்பெட்டியைப் பாட்டுக் கேட்கவும் கடிதம் எழுதவும் வைத்துக்கொள்ளலாம். வங்கி வேலைக்கு வேண்டாம்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். விண்டோஸில் பழகிய சாதாரணக் குடும்பத்துக்கு லினக்ஸ் மின்ட் ஏற்றது என்பது நம் அபிப்பிராயம். கீழே ஒரு பட்டை, இடக்கோடியில் பட்டியல், வலக்கோடியில் கடிகாரம் என்று, பழகிய இடத்தில் பழகிய பொருள் இருக்கிறது. மேசை துடைத்த பின் கண்ணாடியை எங்கே வைத்தார்கள் என்று தேடும் பெரியவர்களுக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதை இளைஞர்கள் உணர்வதில்லை. மின்ட்டில் சின்னமன், மேட்டே, எக்ஸ்.எப்.சி.இ. என்று மூன்று முகப்புகள் கிடைக்கின்றன. 8 ஜி.பி. உள்ளவர்கள் சின்னமனையும், 4 ஜி.பி. உள்ளவர்கள் எக்ஸ்.எப்.சி.இ.யையும் எடுத்துக்கொள்ளலாம், நடுவிலுள்ள மேட்டேயைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு. டைம்ஷிப்ட் என்னும் ஒரு கருவி அதனுடனேயே வருகிறது. ஏதேனும் புதுப்பிப்புக்குப் பின் கோளாறு நேர்ந்தால், முந்திய நாளின் நிலைக்கு இயங்குதளத்தை அது மீட்டுத் தரும். நிறுவிய அன்றே இதை இயக்கி வைக்காதவர்கள் பின்னால் கஷ்டப்படுவார்கள்.

உபுண்டுவை எடுப்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம், அதைப் பற்றி எழுதப்பட்டிருப்பது அதிகம் என்பதே. எந்தத் தகராறு வந்தாலும் முன்பே ஒருவர் கேட்டு மற்றொருவர் விடை எழுதியிருப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்தாண்டுப் பராமரிப்பு உண்டு. ஆறு மாதத்துக்கொருமுறை வரும் இடைப் பதிப்புகள் வீட்டுக்கு வேண்டியதில்லை. கேரளத்தில் குடியிருக்கும் நம் அன்பர்களுக்கு இது இன்னும் வசதி. அங்கே அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் இயங்குதளம் உபுண்டுவைத் தழுவியது. ஆகையால் வீட்டில் கேட்பதற்கு ஏழாம் வகுப்புப் பிள்ளையே ஆசிரியராக இருக்கக் கூடும்.

டெபியன் அடக்கமும் உறுதியும் உள்ளது. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், பெட்டி இருக்கிறது என்பதையே மறந்துவிடலாம். ஆனால் அமைப்பதற்குச் சற்று விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். குடும்பத்தில் அத்தகைய மருமகனோ தம்பியோ இருந்து, ஆண்டுக்கு ஒருமுறையே அவர் வருவாராயின், டெபியனே சிறந்தது. மின்ட் குழுவினர் டெபியனையே நேரடி அடித்தளமாகக் கொண்டு ஒரு தனிப் பதிப்பும் வெளியிடுகிறார்கள். அது இரண்டுக்கும் நடுவழி.

ஃபெடோராவுக்கு நேர் எதிரான குணம். ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதப் பராமரிப்புத்தான். இவ்வாண்டு வாங்கிய புத்தம் புதிய மடிக்கணினியில் மற்றவை தடுமாறும்போது இது ஓடும். ஆனால் ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருக்க நம் வீட்டுப் பெரியவர்கள் இசைவார்களா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீபி.எஸ்.டி. போன்ற லினக்ஸ் அல்லாத திறந்த மூலத் தளங்களும் இருக்கின்றன. கம்பியில்லா இணைப்பும் ஒலியும் ஒழுங்காக வேலை செய்ய அவற்றில் படும் பாடு, அதில் இன்பம் காண்பவருக்கே உரியது.

சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டு வரும் பாஸ் லினக்ஸைப் பற்றியும் அன்பர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இதையும் சேர்த்து வழங்கினார்கள். ஊரிலுள்ள நம் உறவுப் பிள்ளைகள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். இந்திய மொழிகளுக்கென்றே அமைத்தது என்ற பெருமை அதற்கு உண்டு. எனினும், தகராறு வரும்போது விடை சொல்வோரின் தொகையில் அது மின்ட்டுக்கும் உபுண்டுவுக்கும் ஈடாகாது. நம் ஊரில் பிறந்தது என்ற அபிமானத்துக்காக மட்டும் அதைத் தேர்வது சரியாகாது.

நிற்க. தமிழுக்கு வருவோம்.

மாதுங்காவிலோ கரோல்பாக்கிலோ வளரும் பிள்ளை, வீட்டில் தமிழ் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், இடத்துக்கேற்ப மராத்தியோ குஜராத்தியோ எழுதுகிறது. தமிழ் எழுதும் சந்தர்ப்பமே அதற்கு வாய்ப்பதில்லை. கணிப்பொறியில் தமிழ் எழுத வழி இல்லாவிட்டால், ஊரிலுள்ள பாட்டிக்கு அது ஆங்கில எழுத்தில் தமிழைக் கொச்சையாக எழுதும். நாளடைவில் அதுவும் நிற்கும். ஆகையால் நிறுவியவுடன் முதலில் செய்ய வேண்டியது தமிழ் உள்ளீட்டை அமைப்பது. நாம் கூறிய எல்லா வழங்கல்களிலும் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையோடு எம்17என் என்னும் சேர்க்கையை நிறுவினால், தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய முறைகள் விலையின்றிக் கிடைக்கும். மின்ட்டில் பட்டியலிலேயே உள்ளீட்டு முறை என்றொரு கருவி இருக்கிறது; தமிழைத் தேர்ந்தால் வேண்டியவற்றை அதுவே நிறுவிக்கொள்ளும். உபுண்டுவில் அமைப்புகளின் விசைப்பலகைப் பகுதியில் சேர்க்க வேண்டும். பின்னர் விண்டோஸ் சின்னமுள்ள பொத்தானையும் இடைவெளிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து இந்திக்கும் மாறிக்கொண்டே போகலாம்.

எந்த முறையைப் பழகுவது? தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99, நம் மொழியின் இயல்பறிந்து அமைத்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரிந்திருக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும். தமிழ் மட்டுமே எழுதுவோருக்கு இதனினும் சிறந்தது இல்லை. ஆனால் வெளி மாநிலத்தில் வாழும் பிள்ளைகளின் விஷயத்தில் நாம் சற்று வேறுபடுகிறோம். மத்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் முறையில், எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே ஒலிக்கு ஒரே இடம். இந்தியில் ககரம் எந்தப் பொத்தானில் இருக்கிறதோ, தமிழிலும் மராத்தியிலும் குஜராத்தியிலும் அதே பொத்தானில்தான் இருக்கும். பள்ளிக்காக இந்தியை அம்முறையில் பழகிய குழந்தை, தமிழ் எழுத்துகளை அறிந்திருந்தால், அன்றே தமிழும் தட்டத் தொடங்கிவிடும். இருமுறை உழைக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு இன்ஸ்கிரிப்ட், தமிழ்த் தட்டச்சுப்பொறியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாவுக்குப் பழைய தட்டச்சு முறை, ஆங்கில எழுத்தில் அடித்தே பழகிய தகப்பனாருக்கு ஒலிபெயர்ப்பு என்று மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை.

பழைய கோப்புகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். யூனிகோட் பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்த கடிதங்களும், குடும்ப வரலாறுகளும், சங்க ஆண்டறிக்கைகளும் புதிய பெட்டியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கெட்டுவிட்டதென்று அழித்துவிட வேண்டாம். பழைய பெட்டியிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து நிறுவினால் மறுபடியும் தமிழ் தோன்றும்; பிறகு மாற்றிக் கருவி ஒன்றின் துணையால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைத்தவை யூனிகோட் ஆதலால் அந்த ஆபத்து இல்லை. லோஹித், நோட்டோ போன்ற வேறு எழுத்துரு அந்த இடத்தில் வந்து அமரும். வரிகள் சற்று முன்பின்னாகும், அவ்வளவே.

இனி, ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். டாலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே உள்ளது. கடை வைத்திருப்பவர்கள் அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம். மைக்ரோசாப்டின் வேர்டும் எக்செலும் நிறுவ முடியாது. லிப்ரே ஆபீஸ் அவற்றின் கோப்புகளைத் திறக்கும், எழுதும், ஆயினும் சிக்கலான படிவங்களில் கட்டங்கள் நகர்ந்து போவதுண்டு. மின்னொப்பம் இடும் யு.எஸ்.பி. சாவி வைத்திருக்கும் தணிக்கையாளரும் ஒப்பந்தக்காரரும், அவர்கள் செல்லும் தளம் லினக்ஸை ஏற்கிறதா என்று முன்கூட்டி விசாரிக்க வேண்டும். அச்சுப்பொறியில், எச்.பி. கருவிகளில் பெரும்பாலானவை தடையின்றி ஓடும். சில மலிவான லேசர் அச்சுப்பொறிகள் தமக்கென ஒரு தனி மொழியிலேயே பேசுவதால் அடம்பிடிக்கும். கட்டணத் திரைப்படத் தளங்களில் சிலவற்றில் படத்தின் தெளிவு குறையும். வாட்ஸ்அப்பை உலாவியின் வழியாகவே பார்க்க வேண்டும். மற்றபடி வங்கி, ரயில் முன்பதிவு, வகுப்பு, கடிதம் எல்லாம் உலாவியில் நடப்பவையே. சி.பி.எஸ்.இ. மேல்நிலை வகுப்புக் கணிப்பொறிப் பாடத்துக்கு வேண்டிய பைத்தானும் மையெஸ்கியூஎல்லும் லினக்ஸில் எளிதாகக் கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் நாம் சொல்லி நம்ப வேண்டியதில்லை, நிறுவாமலே பார்த்துக்கொள்ளலாம். 8 ஜி.பி. யு.எஸ்.பி. குச்சி ஒன்றில் மின்ட்டை எழுதி, அதிலிருந்தே பெட்டியைத் தொடங்கினால், வன்வட்டைத் தொடாமல் முழு இயங்குதளமும் திரையில் வரும். அரை மணி நேரம் ஒதுக்கி, கம்பியில்லா இணைப்பு, ஒலி, கேமரா, அச்சுப்பொறி ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். மூடியை மூடித் திறந்தால் பெட்டி விழித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். பலர் மறப்பது இதையே. குச்சியிலிருந்து ஓடும்போது சற்று மந்தமாக இருக்கும். அதைக் கண்டு முடிவு செய்யலாகாது. கம்பியில்லா இணைப்பு மட்டும் வரவில்லையாயின், கைபேசியைக் கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்து, டிரைவர் மேலாளரைத் திறந்தால், சில்லுக்கு வேண்டியதை அது தேடிப் பார்க்கும்.

தமிழில் வழிகாட்ட 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழ் வெளிவருகிறது. சென்னையிலுள்ள லினக்ஸ் பயனர் குழு 1990-களின் இறுதியிலிருந்து இயங்கி வருகிறது. பிற நகரங்களிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. கூட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், முகமறியாதவரும் உட்கார்ந்து நிறுவிக் கொடுப்பார்கள். இந்த உலகின் வழக்கம் அது.

நிறுவத் துணிந்தவர்கள் விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே வட்டில் பங்கு பிரித்து வைக்கலாமா என்று கேட்பதுண்டு. வைக்கலாம், ஆனால் பங்கு பிரிக்கும்போது கை தவறினால் பதினைந்து வருஷத்துப் புகைப்படங்கள் போய்விடும். அதனினும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்கிய எஸ்.எஸ்.டி.யைப் பெட்டியில் பொருத்தி அதில் லினக்ஸை நிறுவுங்கள். கழற்றிய பழைய வட்டை, விண்டோஸும் கோப்புகளும் அதிலிருக்க, ஓர் உறையிலிட்டு மேலே தேதி எழுதி அலமாரியில் வைத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. உறையில் அதைச் செருகினால் வேண்டிய கோப்புகளை எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ளோருக்குப் புதியது பிடிக்காமற் போனால், இரண்டு திருகுகளைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். ஆறு மாதம் வரையிலாவது அந்த வட்டை அழிக்க வேண்டாம்.